ஏற்றலும் இறக்கலும்: ஓர் ஆங்கிலச் சொல்லிடம் கற்ற பாடம்

சென்ற மாதம் ஒருநாள் மாலை வகுப்பிலே தொல்காப்பியச் சொல்லதிகாரம் நடந்துகொண்டிருந்தது. கிளவியாக்கத்தில், பலபொருள் ஒருசொல்லின் இயல்பு கூறும் பகுதி. பின்வரிசையில் இருந்த மாணாக்கர் ஒருவர் தமது கைத்தொலைபேசியை மேசையின் கீழே மறைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம், "சார்ஜ் இறங்கிப்போச்சு, ஏத்த வேணும்" என்று முணுமுணுத்தார். நான் கண்டிப்பேன் என்று அவர் அஞ்சியிருத்தல் கூடும். நானோ, "தம்பி, இன்றைய பாடம் முழுவதும் நீர் இப்போது சொன்ன வாக்கியத்துள் அடங்கிக் கிடக்கின்றது" என்றேன். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நான் பட்டிருக்கும் கடன் பழையது. இன்னும் முற்றாகத் தீராதது.

அக்கடன் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் சொல்லிவைப்பது பயனுடையது என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

தந்தியும் தவறும்

1997ஆம் ஆண்டு. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பகலிலே பாடசாலையில் தமிழ் கற்பித்தும், மாலையிலே பண்டிதப் பரீட்சைக்குத் தோற்றுவோருக்கு இலக்கணம் சொல்லியும் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியை அடுத்த ஓர் ஒழுங்கையில் குடியிருந்தேன். அதே ஒழுங்கையில், உறவினர் வீட்டு முன்னறை ஒன்றில், வடக்கிலிருந்து வந்த ஓர் அம்மையார் தங்கியிருந்தார். அவருடைய ஒரே மகன் புறக்கோட்டையிலே ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன். ஓர் இரவு நிகழ்ந்த சுற்றிவளைப்பிலே பிடிபட்டான். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ் ஐயத்தின்பேரில் தடுத்துவைக்கப்பட்டோர் பலர் வாழ்ந்த காலம் அது. மாதங்கள் சென்றன. வழக்கு வெளியூர் நீதிமன்றம் ஒன்றுக்குச் சென்றது. இடையிலே சிறையில் அவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்கின்றார்கள் என்ற செய்தியும் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவ்வம்மையார் ஒரு தந்தியை ஏந்தியபடி என் வாயிலில் வந்து நின்றார். "மாஸ்ரர், அப்புக்காத்தர் அடிச்சிருக்கிறார். என்ன எழுதியிருக்குது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். நான்கே சொற்கள்: 'யுவர் சன் டிஸ்சார்ஜ்ட் டுடே.' உங்கள் மகன் இன்று டிஸ்சார்ஜ் ஆனான் என்பது.

எனக்கு அச்சொல் புதியதன்று. எங்கள் ஊரிலே நோயாளியை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விடுவதைத் 'துண்டு வெட்டுதல்' என்போம். அதற்குரிய ஆங்கிலம் அதுவே என்று சிறுவயது முதல் அறிவேன். ஆகவே ஐயுறவு சிறிதுமின்றி, "அம்மா, பயப்படாதேங்கோ. பிள்ளைக்குக் காய்ச்சல் மாறிவிட்டது. துண்டு வெட்டி மறுபடியும் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முருகா! வெள்ளிக்கிழமை பார்க்க விடுகிற நாள்தானே, அண்டைக்குப் போறன்" என்று கூறித் திரும்பினார்.

உண்மை வேறு. அச்செவ்வாய்க்கிழமை காலை நீதவான் அவனை வழக்கிலிருந்து விடுவித்திருந்தார். வெளியே வந்த பிள்ளை தாயை எதிர்பார்த்துப் பொழுது சாயும்வரை நீதிமன்ற வாயிலில் நின்றிருக்கின்றான். கையிலே பணமில்லை, நீதிமன்றக் கடதாசி ஒன்றே இருந்தது. இரவிலே நடந்து வந்தவனைச் சோதனைச்சாவடியில் நிறுத்தி, கடதாசியின் உண்மையை அறியும்வரை வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை சோற்றுப் பார்சலுடன் சிறைவாயிலை அடைந்த தாய்க்கு, "உன் மகன் செவ்வாய்க்கிழமையே போய்விட்டானே" என்று விடை கிடைத்தது. ஓர் இளைஞன் எங்கே போனான் என்று தெரியாமற் போவதன் பொருள் அக்காலத்தில் எங்கள் ஒழுங்கையில் எல்லார்க்கும் தெரியும். அன்றிரவு அவ்வீட்டில் எழுந்த அழுகுரலைக் கேட்டுக்கொண்டு நான் என் அறையில் இருந்தேன். சனிக்கிழமை காலையில் அவன் வந்து சேர்ந்தான்.

நான் மன்னிப்புக் கேட்கச் சென்றபோது அவ்வம்மையார், "மாஸ்ரர், பிள்ளை வந்திட்டான். இனி ஏன் அதை நினைக்கிறியள்? இங்கிலீசு என்ன எங்கட பாஷையே?" என்றார். அவர் மன்னித்தமை என்னை மேலும் வருத்தியது.

பண்டிதன் மறந்த இலக்கணம்

பிழை ஆங்கிலம் அறியாமையால் வந்தது என்று சொல்லித் தப்பிக்கொள்ள எனக்கு வழியில்லை. பிழைத்தது என் தமிழ் இலக்கணமே.

ஒரு சொல் பல பொருள் தருவது தமிழனுக்கு வியப்பன்று. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி முழுவதும் அத்தகைய சொற்களுக்கென்றே அமைந்தது. 'கடி' என்னும் ஓர் உரிச்சொல்லே கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, மிகுதி, அச்சம் முதலாகப் பல பொருள்படுதலை உரியியல் விரித்துரைக்கும். அப்பொருள்களையெல்லாம் நித்திரையிலும் ஒப்புவிக்க வல்லவனாய் இருந்தேன். அப்படிப்பட்ட சொல்லின் பொருளைத் துணிவதற்கு வழியுந் தொல்காப்பியர் வகுத்திருக்கின்றார்: அது கொள்ளும் வினை, அதனோடு வரும் இனம், அது நிற்கும் சார்பு ஆகிய மூன்றாலும் பொருள் தெளியப்படும் என்பது அவர் கருத்து. 'மா காய்த்தது' என்றால் மரம் என்பதை வினை காட்டும். 'மாவும் பலாவும் தழைத்தன' என்றால் இனம் காட்டும். சேணத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒருவன் 'மா எங்கே?' என்றால், அவன் குதிரையைத் தேடுகின்றான் என்பதைச் சார்பு காட்டும். இவை ஒன்றுமின்றி 'மா சாய்ந்தது' என்று மாத்திரம் சொன்னால் மரமோ விலங்கோ என ஐயம் நிகழும். அவ்வழிச் சொல்லுவோன் கிளந்து சொல்லுதல் வேண்டும்.

தந்தியிலே வினையும் இனமும் உதவவில்லை என்பது மெய்யே. ஆனால் சார்பு இருந்தது! தந்தி அனுப்பியவர் வைத்தியர் அல்லர், அப்புக்காத்தர். அதனை அவ்வம்மையார் வாயிலில் நின்றபோதே சொன்னார். வழக்கறிஞர் வழக்கைப்பற்றியன்றோ எழுதுவார்? அந்த வாரத்திலேயே அந்நூற்பாவுக்கு உரை சொல்லிக்கொடுத்தவன் நான். ஆங்கிலச் சொல் என்றதும், அது வேறோர் உலகத்துப் பொருள், நம் இலக்கணம் அதற்குச் செல்லாது என்று மனம் எண்ணிவிட்டது போலும்.

வேர் தேடிய கதை

பின்னர் அச்சொல்லை விடாது தொடர்ந்தேன். கையகராதி பொருள்களை வரிசையாக அடுக்கியது: வெளியேற்று, விடுவி, வேலையினின்று நீக்கு, சுடு, செலுத்து, நிறைவேற்று, வடி. இவற்றை மனனஞ் செய்தேன். ஒரு வாரத்தில் மறந்தேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருள்களை நெஞ்சம் ஏற்க மறுத்தது.

வெள்ளவத்தையிலே கடற்கரையை அடுத்த ஒழுங்கை ஒன்றில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் எனக்கு அறிமுகமானவர். அவரிடம் என் குறையைச் சொன்னேன். அவர் நகைத்து, "தம்பி, துறைமுகத்துக்குப் பக்கத்திலை குடியிருந்துகொண்டோ இந்தச் சொல்லைத் தெரியாது எண்ணுறீர்? நாளைக்குப் போய்ப் பாரும், கப்பலிலை என்ன செய்யினம் எண்டு" என்றார்.

சென்று பார்த்தேன். துறைமுகத்தைச் சூழ்ந்த வீதிகளிலே பாரவண்டிகள் வரிசையாய் நின்றன. நாட்டாமிமார் மூடை சுமந்தனர். ஒருபுறம் ஏற்றினர், ஒருபுறம் இறக்கினர். அங்கே கணக்கெழுதிக்கொண்டு நின்ற ஒருவரிடம், கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவீர் என்று வினவினேன். "டிஸ்சார்ஜ்" என்றார். அவ்வளவே. ஏழு பொருளும் ஒருசேர ஒளிபெற்றன.

'சார்ஜ்' என்பதன் வரலாறு இது: சக்கர வண்டியைக் குறிக்க இலத்தீனிலே 'கார்ருஸ்' என்றொரு சொல் உண்டு. அதுவும் கெல்த்தியர் வழக்கிலிருந்து உரோமர் எடுத்துக்கொண்டது. அதிலிருந்து பிற்கால இலத்தீனில் வண்டியிலே பாரமேற்றுதல் என்னும் பொருளில் ஒரு வினை பிறந்தது. பழைய பிரெஞ்சின் வழியே அது ஆங்கிலத்தை அடைந்து 'சார்ஜ்' ஆயிற்று. நாம் ஓட்டும் 'கார்', சுமத்தலைக் குறிக்கும் 'கரி', கப்பற் சரக்காகிய 'கார்கோ' ஆகியனவும் ஒரு குடும்பத்தனவே. ஒருவரது மூக்கையோ மீசையையோ மிகுத்து வரையும் கேலிச்சித்திரத்துக்கு ஆங்கிலர் வழங்கும் 'கரிக்கச்சர்' என்னும் பெயரும், பாரமேற்றுதலைக் குறிக்கும் இத்தாலிய வினையின் வழிவந்ததே. ஆகவே 'சார்ஜ்' என்பதன் அடிப்பொருள் சுமையேற்றல். 'டிஸ்சார்ஜ்' என்பதன் அடிப்பொருள் சுமையிறக்கல்.

தமிழிலும் அதே சுமை

இனி, அகராதியின் பொருள்களை இவ்வேரோடு பொருத்திப் பார்ப்போம். தமிழும் அதே வழியிலே சிந்தித்திருத்தலைக் காண்பதில் ஓர் இன்பம் உண்டு.

நீதிமன்றத்தில் 'சார்ஜ்' என்பது ஒருவன்மேல் குற்றஞ் சுமத்துதல். 'சுமத்துதல்' என்றே நாமும் சொல்கின்றோம். வரியையும் மக்கள்மேற் சுமத்துகின்றோம். அவ்வாறே ஒரு பொருளுக்கோ தொண்டுக்கோ கட்டணம் அறவிடுதலும் 'சார்ஜ்' ஆயிற்று. காரியாலயத்திலே ஒரு கடமையைத் தன் தலைமேற் கொண்டவன் 'இன் சார்ஜ்'. பொலிஸ் நிலையத்தில் அவரைப் பொறுப்பதிகாரி என்கின்றோம். 'பொறுப்பு' என்னும் சொல்லோ, தாங்குதல் என்னும் பொருளையுடைய 'பொறு' என்பதன் வழிவந்தது. 'பொறை' என்பதற்குப் பாரம் என்ற பொருளும் உண்டு. பொறுப்பை நாம் 'ஏற்கின்றோம்' என்பதையும் நோக்குக. துவக்கிலே மருந்து இடுதல் 'சார்ஜ்'. அம்மருந்தைச் சுட்டுத் தீர்த்தல் 'டிஸ்சார்ஜ்'.

மின்னியலில், பற்றரிக்கு ஊட்டுவதை ஈழத்துப் பாடநூல்கள் மின்னேற்றம் என்றும், அது கழிவதை மின்னிறக்கம் என்றும் வழங்குகின்றன. தமிழ்நாட்டார் மின்னூட்டம் என்பர். ஊட்டம் என்ற சொல் அழகியதே. ஆயினும் ஏற்றம், இறக்கம் என்னும் இணையிலே ஆங்கிலச் சொல்லின் வேரே தமிழுருக் கொண்டு நிற்கின்றது. என் மாணாக்கர் 'சார்ஜ் இறங்கிப்போச்சு, ஏத்த வேணும்' என்றாரே, அவர் இலத்தீனும் பிரெஞ்சும் கல்லாதவர். தமிழ்நா தானாகவே சரியான வினையைத் தேடிக்கொண்டது.

யாவற்றினும் என்னைக் கவர்ந்தது இது. ஆங்கிலத்திலே கடனைத் தீர்த்தலும் 'டிஸ்சார்ஜ்'. கடமையை நிறைவேற்றுதலும் 'டிஸ்சார்ஜ்'. பணக்கடனும் வாழ்க்கைக் கடமையும் ஒரே சுமையென அவர்கள் கண்டார்கள். நாமோ இரண்டையும் 'கடன்' என்ற ஒரே சொல்லால் அழைத்தோம். பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாட்டு, தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் காளைக்கும் உரிய கடமைகளையெல்லாம் கடன் என்றே வகுத்துரைப்பதை எம் மாணாக்கர் யாவரும் அறிவர்.

உருபுபோல நிற்கும் சிறுசொற்கள்

வேர் அறிந்தால் மாத்திரம் போதாது. வழக்கும் அறிதல் வேண்டும். தமிழிலே வேற்றுமையுருபு செய்யும் வேலையில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் சில சிறுசொற்கள் செய்கின்றன. 'சார்ஜ்' என்பதன் பின்னே 'வித்' வந்தால் பெரும்பாலும் குற்றச்சாட்டு. 'ஃபோர்' வந்தால் பெரும்பாலும் கட்டணம். 'இன் சார்ஜ் ஒஃப்' என்றால் ஒருவர் ஒன்றுக்குப் பொறுப்பாக இருத்தல். அதன் நடுவே 'த' என்னும் சிறுசொல் புகுந்து 'இன் த சார்ஜ் ஒஃப்' ஆனால், ஒருவரின் பொறுப்பிலே மற்றொருவர் இருத்தல். ஓரெழுத்துப் போன்ற ஒன்று காப்பவனையும் காக்கப்படுபவனையும் இடம் மாற்றிவிடுகின்றது! 'டிஸ்சார்ஜ்' என்பதன் பின்னே 'ஃப்ரொம்' வந்து எதிலிருந்து என்பதைச் சொல்லும்: வைத்தியசாலையிலிருந்தா, வேலையிலிருந்தா, வழக்கிலிருந்தா என்பது அதனால் விளங்கும்.

தந்தியிலே அந்தச் சிறுசொல் இல்லை. தந்திக்குச் சொற்கணக்கிலே கட்டணம். சில காசு 'சார்ஜ்' மிச்சம் பிடிப்பதற்காக விடப்பட்ட சொல்லே பொருளைத் தெரிவிக்கும் சொல்லாயிற்று. அனுப்பியவரையும் நான் குறைகூறேன். சட்டத்தில் ஊறியவருக்கு அச்சொல் ஒருபொருட் சொல்லே. அவர் கிளந்து சொல்லவில்லை; நான் சார்பு நோக்கவில்லை. இருவர்க்கும் நடுவே ஒரு தாய் அகப்பட்டார்.

சட்டவழக்கிலே மற்றுமொரு நுட்பமும் உண்டு. 'டிஸ்சார்ஜ்' வேறு, 'அக்குவிட்டல்' வேறு. முன்னதை விடுவித்தல் என்றும், பின்னதை விடுதலை செய்தல் என்றும் கூறுவர். விடுவிக்கப்பட்டவன் தலையிலிருந்து சுமை இறக்கப்பட்டிருக்கின்றது; பொதுவாகச் சொன்னால், அது மீண்டும் ஏற்றப்படுவதற்கு இடமுண்டு. விடுதலையானவன்மேல் அதே சுமையை மறுபடி ஏற்றுதல் ஆகாது. பேச்சுவழக்கிலே இரண்டையும் ஒன்றாக்கி 'விட்டிட்டாங்கள்' என்று மகிழ்கின்றோம். அவ்வேறுபாட்டை அறியாதிருந்தால் நட்டமடைவது நாமே.

தாய்க்குத் தெரிந்த மொழி

வேறொரு கேள்வியும் எழத்தான் செய்யும். தமிழன்றி வேறு மொழி அறியாத ஒரு தாய்க்கு, தன் மகனைப்பற்றிய செய்தி ஏன் ஆங்கிலத்தில் வர வேண்டும்? 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றும், ஆங்கிலம் இணைப்பு மொழி என்றும் வகுத்தது. இந்தத் தந்தி வந்தது அதற்குப் பத்தாண்டுகள் கழிந்தபின். சட்டப்புத்தகத்திலே ஏறிய மொழி வாயில்வரை இறங்கி வருவதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், சொற்கள் வேண்டும், அவற்றைப் பயிற்றும் ஆசிரியர் வேண்டும்.

இவற்றுக்கு முன்னோடிகள் நம்மிடம் இல்லாமலில்லை. 1842இலே மானிப்பாயில் தமிழகராதி அச்சாயிற்று. 1847இலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்குரிய நூல்களையும் தமிழாக்குவித்தார். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று நாம் எளிதாக வழங்கும் பல சொற்கள் அவ்வுழைப்பின் பயன். அவற்றை ஆக்கியோர் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று நேர்கோடு போட்டிருந்தால், பற்றரிக்குக் குற்றச்சாட்டும் கைதிக்கு மின்னேற்றமும் அன்றோ கிடைத்திருக்கும்!

வகுப்பிலே ஒரு பயிற்சி

இவ்வனுபவத்திலிருந்து நான் கைக்கொண்ட முறையை ஆசிரியர்கள் பரிசோதித்துப் பார்க்கலாம். பலபொருள் ஒருசொல்லைப் பொருட்பட்டியலாகக் கொடுப்பதில்லை. முதலில் அச்சொல் வரும் ஏழெட்டு வாக்கியங்களைத் தருகின்றேன். ஒவ்வொன்றையும் தமிழாக்கி, எந்தச் சொல்லைக்கொண்டு, அல்லது எந்தச் சந்தர்ப்பத்தைக்கொண்டு பொருள் துணிந்தீர் என்று எழுதச் சொல்கின்றேன். வினை, இனம், சார்பு என்று பக்கத்திலே குறிக்கவும் வேண்டும். பின்னரே வேர்ப்பொருளைச் சொல்கின்றேன். இறுதியில் அவர்களே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம் அமைக்கின்றார்கள். இவ்வாறு கற்ற சொல் மறப்பதில்லை. அதனினும் சிறந்த பயன் ஒன்று உண்டு: ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சும் தமிழ் மாணாக்கன், தன் கையிலுள்ள இலக்கணமே அதற்கும் திறவுகோல் என்பதை அறிந்து நிமிர்கின்றான்.

அன்று வகுப்பிலே இக்கதையைச் சொல்லி முடித்தபோது, கைத்தொலைபேசி வைத்திருந்த மாணாக்கர், "ஐயா, அந்த அண்ணை இப்ப எங்கை?" என்று வினவினார். அவர் கடல்கடந்து வாழ்கின்றார்; பிள்ளைகளும் உண்டு. தாயார் இப்போது இல்லை. ஒழுங்கையை விட்டுப் போகும் நாளிலே அவ்வம்மையார் அந்தத் தந்தித்தாளை என்னிடம் தந்து, "இதை நான் வைச்சிருந்து என்ன செய்ய, மாஸ்ரர்? நீங்கள் படிப்பிக்கிற ஆள், வைச்சிருங்கோ" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, பழைய கடதாசியை எறிய மனமில்லாமல் தந்தார்.

அத்தாள் மஞ்சளித்துவிட்டது. ஆண்டுதோறும் கிளவியாக்கத்தில் அந்நூற்பாவை அடையும்போது அதனை மாணாக்கர் கையிற் கொடுத்து, நான்கு சொற்களையும் வாசிக்கச் சொல்லி, "இதன் பொருள் என்ன?" என்று கேட்கின்றேன். பெரும்பாலோர் உடனே விடை சொல்லிவிடுகின்றார்கள். சிலர் மாத்திரம், "ஐயா, இதை அனுப்பியவர் யார்?" என்று திருப்பிக் கேட்கின்றார்கள். அவர்களுக்கே நான் முழுப்புள்ளி இடுகின்றேன்.